இடது முன் சக்கரம்

மலையடிவாரத்து மடத்தின் சாமி, காவி கட்டுவதற்கு முன் லாரி ஓட்டியவர். அவருடைய சீடர் ஆவுடையப்பன், மடத்துக்கு வருவதற்கு முன் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். குருவைவிடச் சீடருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். அதனால் இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகத்தான் பேசிக்கொள்வார்கள். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும்.

அன்று ஆவுடையப்பன் கைகட்டி வந்து நின்றார்.

"சாமி, மாசானத்தை அனுப்பிரணும்."

மாசானம் மடத்துச் சமையல்காரன். சாப்பிட வருகிறவர்களிடம் எரிந்து விழுவான். முந்தைய நாள் ஒரு பெரியவரிடம், "இது என்ன அட்சய பாத்திரமா, அள்ள அள்ள வர?" என்று கத்தியிருக்கிறான். அவர் உட்காராமலே திரும்பிப் போய்விட்டார்.

"அனுப்பினா எங்க போவான்?" என்றார் சாமி.

"போக்கிடம் கிடையாதுதான். அதுக்காக? இவனுக்கு முந்தி இருந்த கோமுவும் இதே மாதிரிதான். அதுக்கு முந்தி சங்கிலி. அவங்களை அனுப்பலையா?"

சாமி வாசலில் நின்ற வேனைப் பார்த்தார். பிறகு, "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

மடத்துப் பழைய வேனை ஓட்டுவதும் ஆவுடையப்பன்தான். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வது சாமியின் வழக்கம். ஆவுடையப்பனுக்கு அது எப்போதும் எரிச்சல்தான்.

"அறுபதைத் தாண்டினா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்கு. இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாயிட்டு. போன மழைக்குப் போட்ட டயர் சாமி. மட்டமான சரக்கு. வேற வாங்கணும்."

"அதுக்கு முந்தி போட்டது?"

"அதுவும் மட்டம்தான்."

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கியை எடுத்து வந்தார். இடது முன் சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் போட்டார். பின்னால் இருந்த நல்ல சக்கரம் முன்னால் வந்தது. இருவரும் நெடுஞ்சாலை வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டியரிங் சமத்தாக இருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்த சீட்டு கிடுகிடுவென்று ஆடியது.

"நடுக்கம் சக்கரத்தோடயே பின்னால போயிட்டு" என்றார் சாமி.

"அப்ப டயர்தானே குத்தம்?"

"டயர் நடுங்குது, சரி. அது அப்படித் தேஞ்சது எதனாலன்னு இன்னும் தெரியல. முன்னால போட்ட நல்ல டயர் ஒரு மாசம் ஓடட்டும்."

"மாசானம்?"

"அவனையும் மாத்திப் போடுவோம். அவனுக்கும் ஓட்டத் தெரியும், அவன் வண்டி ஓட்டட்டும். நீங்க சமையல்கட்டைப் பாத்துக்கிடுங்க."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனைவி படுக்கையில் கிடந்த காலமெல்லாம் சமைத்தவர் அவர். பொறுமை என்றால் என்னவென்று அந்த மாசானத்துக்குக் காட்டிவிடலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது.

காலையில் மடத்தில் இருப்பவர்களை எண்ணி அரிசி போட்டார். மத்தியானம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தன் தட்டை எடுத்து வைத்தார். வாசலில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சாமி சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னாரு."

தன் தட்டை அவருக்குக் கொடுத்தார். மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. மறுநாளும் ஒருவர் வந்தார். அதற்கடுத்த நாள் ஓர் ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். எல்லோரையும் சாமி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். ஆவுடையப்பன் அணைத்த அடுப்பை மறுபடியும் மூட்டினார். நாள் தவறாமல் மூட்டினார். மத்தியானச் சாப்பாடு அவருக்குச் சாயங்காலம் ஆனது, சில நாள் அதுவும் இல்லாமல் போனது.

மாசக் கடைசியில் ஒரு பெண் குழந்தையோடு வந்து நின்றாள்.

"சாமி சாப்பிட..."

"இது என்ன அட்சய பாத்திரமா, அள்ள அள்ள வர?"

யார் கத்தியது என்று அவரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். ஆவுடையப்பன் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடி, கெஞ்சிக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அரிசி களையும்போது வெட்கத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பாத்திரம் கழுவிய கையோடு வெளியே வந்தார். வேனின் முன்பக்கம் ஜாக்கியில் நின்றது. பக்கத்தில் மாசானம் ஸ்பேனரோடு குந்தியிருந்தான். நல்ல டயராக முன்னால் வந்த டயரிலும் உள்பக்க ஓரம் தேயத் தொடங்கியிருந்தது.

சாமி சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கடக் கடக்கென்றது.

"சக்கரத்தை நிமித்திப் பிடிக்கிற பால் ஜாயிண்ட் ஆடுது. சக்கரம் சாஞ்சே ஓடியிருக்கு. எந்த டயரைப் போட்டாலும் இது திங்கத்தான் செய்யும்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சமையல்கட்டுல ஆட்டம் எங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் சாமி."

"எங்க?"

ஆவுடையப்பன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

"சொல்லுங்க ஐயா."

"நீங்கதான் சாமி. உலை இறக்கினப்புறம் போற வாற ஆளையெல்லாம் சாப்பிடச் சொல்லுதீங்க. உள்ள ஒரு வார்த்தை சொல்லுதது கிடையாது."

மாசானம் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனர் மட்டும் அப்படியே நின்றது.

சாமி அந்தச் சக்கரத்தை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"மாத்தணுமா, முறுக்கிவிட்டாப் போதுமா?" என்று கேட்டார்.

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"இது தெரிஞ்சுதான் என்னை அங்க அனுப்பினீங்களா சாமி?"

"தெரிஞ்சிருந்தா கோமுவையும் சங்கிலியையும் அனுப்பியிருப்பேனா?"

அப்போது வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு வயதான தம்பதி உள்ளே வந்தார்கள். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சாமியைக் கண்டதும் கும்பிட்டார்கள்.

சாமி வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"நிழல்ல உக்காருங்க" என்றார். "சோறு இருக்கான்னு இவங்க ரெண்டு பேரையும் கேட்டுட்டுச் சொல்லுதேன்."