கூப்பிட்டால் வரும் மணிகள்

முன்னொரு காலத்தில், கடலில் ஒரு காலும் மலையில் ஒரு காலுமாக ஒரு நாடு இருந்தது. அதன் கடற்கரைச் சூளைகளில் கண்ணாடியை உருக்கி, இழுத்து, மிளகு அளவில் நறுக்கிச் செம்மணி செய்வார்கள். கப்பல் ஏறியது போக மிச்சம் மலைக்குப் போகும். ஒரு படி மணிக்கு ஒரு தந்தம் மலையிறங்கி வரும்.

"வெறும் கண்ணாடிக்குத் தந்தமா? அதற்குள் அப்படி என்ன இருக்கிறது?" என்று அரசனுக்கு ஒரு நாள் ஐயம் வந்தது. அரசனுக்கு வரும் ஐயம் யார் தலையிலாவது விடிய வேண்டுமே.

அன்று தந்தத்தோடு வந்திருந்தாள் மலைத்தலைவி மாதி. அவள் கழுத்தில், நாரில் கோத்த ஒன்பது பழைய செம்மணிகள். அதைக் கழற்றி வாங்கச் சொன்ன அரசன், சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் விடங்கனிடம், "உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்றான்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் விடங்கன். ஒரு மணியை உருவிக் கல்லின் மேல் வைத்து, இன்னொரு கல்லால் ஒரு போடு போட்டான். தூளை ஊதிவிட்டு, "பார்த்துவிட்டேன் அரசே. உள்ளே ஒன்றும் இல்லை" என்றான்.

சபை குலுங்கியது. அரசன் கண்ணீர் வரச் சிரித்து, மிச்ச எட்டையும், தந்தத்துக்கு ஈடாக வைத்திருந்த புதுமணிக் கூடையில் கொட்டினான். "கூடையோடு எடுத்துப் போ. ஒன்றுக்கு ஆயிரம்!"

மாதி கூடையைத் தொடவில்லை. கீழே கிடந்த வெறும் நாரை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அது மணி இல்ல ராசா. எங்க ஆத்தாமாருங்க. ஒவ்வொருத்திக்கும் பேரு இருக்கு. வர்ற பௌர்ணமிக்கு எம்மவளுக்குக் கல்யாணம். பேரச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கழுத்துல ஏத்தணும். இல்லன்னா அவ யாரு வீட்டுப் பொண்ணுன்னு எவனுக்குத் தெரியும்? எனக்கு அவங்கதான் வேணும்."

விடங்கனுக்கு வாயிலிருந்த சிரிப்பு புளித்துப்போனது. அவனைப் பெற்றவள் துறைமுகத்தில் மணி கோத்துத்தான் அவனுக்குச் சோறு போட்டாள். வேறு எவன் உடைத்திருந்தாலும் பரவாயில்லை, மணிச்சோறு தின்ற கையே உடைத்துவிட்டது.

விடங்கன் மேல் நெடுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த அமைச்சன் அரையநம்பி எழுந்தான். "பெயர் இருந்தால் கூப்பிட்டதும் வர வேண்டுமே, அரசே! இவள் கூப்பிடட்டும், விடங்கன் வரவழைக்கட்டும். கையால் பொறுக்கக் கூடாது. வராவிட்டால் இவள் வெறுங்கழுத்தோடு மலையேறட்டும். இவனும் சபையை விட்டு இறங்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

விடங்கன் மாதியிடம் நாரைக் கேட்டு வாங்கினான். நுனியில் தேன்மெழுகு தடவி ஊசிபோல் விறைக்க வைத்தான். கூடை மணியை வட்டத் தாம்பாளத்தில் கொட்டிச் சுழற்றினான். அவன் தாய் மணி கோத்த விதம் அதுதான்: தட்டு சுழல, ஊசியைக் காட்டினால் மணி தானே ஏறும். புதுமணியின் துளை மயிரிழைதான், இந்த நாருக்கு இடம் கொடுக்காது. தலைமுறை தலைமுறையாக நார் தேய்த்து அகன்ற துளை மாதியின் மணிகளுக்கு மட்டுமே.

"கூப்பிடுங்க தாயே."

"நஞ்சி!" என்றாள் மாதி.

தாம்பாளம் சுழன்றது. வெகுநேரம் கழித்து ஒரு மணி நாரில் ஏறியது.

"மசினி! ரங்கி!"

வந்தார்கள். எட்டுப் பேரும் வந்தார்கள். அரையநம்பியின் முகம் கருத்தது.

தூளாய்ப் போன ஒன்பதாம் மணியின் பெயரையும் மாதி விடவில்லை.

"கெம்பி!"

விடங்கனின் கை நின்றுவிட்டது.

"கெம்பி!"

"ஒருத்திக்குக் காது மந்தம் போலும்!" என்று அரையநம்பி குதித்தான்.

விடங்கன் தரையிலிருந்து எழுந்து, மாதி முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றான். "வந்துட்டேன் தாயே."

சபை வெடித்துச் சிரித்தது. "மணிக்குப் பதில் விகடனே வந்துவிட்டான்!" என்று அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டான்.

மாதி சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த நாரை வாங்கி, எட்டு மணிக்குப் பக்கத்தில், கெம்பியின் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"பௌர்ணமிக்கு மறுபடியும் கூப்பிடுவேன்" என்றாள். "அங்கயும் வரணும்."

"வரேன் தாயே."

அவள் போன பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. விடங்கன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். அரசன் போட்ட மாலையில் நூறு முத்துக்கு மேல் இருக்கும். ஒன்றுக்கும் பெயர் இல்லை.