மழைக்கு மட்டும் தெரியும் ஓட்டை

சொர்ணத்தம்மாளிடம் சீடராகச் சேர்ந்த மூன்றாம் நாளே பால்வண்ணம் தன் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"அம்மா, ஒழுக்கம்னா என்ன?"

அம்மாள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"முதல்ல இந்தக் கூரைக்கு ஒரு நல்ல ஆளாப் பாருங்க அண்ணாச்சி."

இதென்ன பதில் என்று பால்வண்ணத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புதிதாக வாங்கிய நோட்டின் முதல் பக்கத்தில் 'ஒழுக்கம்' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தார். கீழே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் குரு வயதில் சின்னவர், சீடர் பெரியவர். குருவுக்கு நாற்பத்துநாலு. தையல் மிஷினை விற்றுவிட்டு அண்டா வாங்கியவர். சீடருக்கு அறுபத்திரண்டு. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற ஆய்வாளராக முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தராசு முள் ஒரு நூல் விலகி நின்றாலும் கடைக்காரரை வாசலுக்கு வரச்சொல்லி, நாலு பேர் முன்னால் நிறுத்தித்தான் பேசுவார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே பாதிக் கடைகளில் கல்லாப்பெட்டி பூட்டுகிற சத்தம் கேட்கும் என்பார்கள்.

மேலப்பாறை குற்றாலத்துச் சாரல் எட்டுகிற ஊர். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் அம்மாளின் கஞ்சி மடம். தினமும் காலை பத்தரைக்குக் கஞ்சி. மூட்டை தூக்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள், போக இடமில்லாத கிழவர்கள் என்று நூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். அதில் பலருக்கு அன்றைய சாப்பாடே அதுதான். போன வருஷச் சாரலில் கூரை ஒழுகி, அடுப்பு நனைந்து, பதினோரு நாள் கஞ்சி நின்றுபோனது. பன்னிரண்டாம் நாள் வரிசையில் இரண்டு கிழவர்களைக் காணவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. இந்த வருஷம் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது என்று அம்மாள் சொல்லியிருந்தார். சாரல் தொடங்க ஒரு மாசம் இருந்தது.

வேலை என்று வந்துவிட்டால் பால்வண்ணத்தைச் சும்மா சொல்லக்கூடாது. ஓடு, ரீப்பர், கைமரம், முகடு என்று ஒவ்வொன்றாக விசாரித்து முப்பத்திரண்டு கேள்விகள் தயார் செய்தார். இரண்டு பேரை வரவழைத்தார்.

முதலில் வந்தவர் டவுன் கான்ட்ராக்டர் தினகர். காரில் வந்து இறங்கினார். கூரையை வாசலில் நின்றே பார்த்தார். போனில் நாற்பது கட்டடங்களின் படத்தைக் காட்டினார். பழைய ஓட்டைப் பூராவும் பிரித்து எறிந்துவிட்டு கலர் ஷீட் போட்டுவிடலாம், ஒரு சொட்டு இறங்காது, முத்திரைத்தாளிலேயே எழுதித் தருகிறேன் என்றார். முப்பத்திரண்டு கேள்விக்கும் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. பால்வண்ணத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்தவர் உதுமான் மைதீன். பள்ளிவாசல் தெருக்காரர், ஓட்டு வேலை செய்கிறவர், வந்தது சைக்கிளில். வந்தவர் யாரிடமும் பேசாமல் ஏணியைச் சாத்தி மேலே ஏறிவிட்டார். இரண்டு மணி நேரம் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். பால்வண்ணம் கீழே நின்றபடி கேள்விகளைக் கத்திக் கேட்டார். பாதிக்குத்தான் பதில் வந்தது, அதிலும் பாதி 'பாக்கணும்' என்பதுதான். இறங்கி வந்து ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஓட்டில் முக்கால்வாசி நல்ல ஓடு, அதைத் தாங்குகிற ரீப்பர் சட்டம்தான் உளுத்துவிட்டது, அதை மாற்றி ஓட்டைத் திரும்ப அடுக்கலாம் என்றார். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"முதல் மழையில ரெண்டு இடத்துல ஒழுகும் சார். அதைச் சொல்லிப்புடணும்."

பால்வண்ணம் பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் அம்மாள் இருவரையும் பார்க்க வேண்டும் என்றார். முப்பத்திரண்டு கேள்வித் தாளைப் பால்வண்ணம் நீட்டினார். அம்மாள் அதை வாங்கவில்லை. தினகரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒழுகினா?"

"ஒழுகாதும்மா."

"சரி. ஒழுகினா?"

"ஒழுகவே ஒழுகாது. அதான் எழுதித் தரேங்கிறேனே."

"ஒழுகினா?"

தினகருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியம் பேசும்போது இப்படியா வாய் வைப்பது என்று பால்வண்ணத்திடம் முணுமுணுத்தார்.

உதுமான் வந்ததும் அவரிடமும் அதே கேள்வி.

"ஒழுகினா?"

"வந்திருவேன்மா."

அவ்வளவுதான் பேச்சு. அவரும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"யாரை வைக்கலாம் அண்ணாச்சி?" என்று அம்மாள் கேட்டார்.

"ஒருத்தர் ஒழுகாதுங்கிறார். ஒருத்தர் ஒழுகும்கிறார். இதுல யோசிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லதான். உதுமானை நாளைக்கே வரச் சொல்லிருங்க."

பால்வண்ணத்துக்கு மனசு ஒப்பவில்லை. குரு சொல்லைத் தட்டக்கூடாதே என்று பள்ளிவாசல் தெருவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வழியெல்லாம் புலம்பிக்கொண்டுதான் போனார்.

உதுமானும் அவர் மச்சானும் எட்டு நாள் வேலை செய்தார்கள். அடுப்புக்கு மேலே உள்ள பகுதியைக் கஞ்சி ஊற்றி முடித்த பிறகுதான் பிரிப்பார்கள், மறுநாள் அடுப்பு மூட்டுவதற்குள் மூடிவிடுவார்கள். ஒரு நாள்கூடக் கஞ்சி நிற்கவில்லை. பால்வண்ணம் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை தேடினார். ஒன்றும் அகப்படாதது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. கடைசி வரிசையை அடுக்கி முடித்துவிட்டு இருவரும் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார்கள். உதுமான் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"மேல யாரும் ஏறிராதீங்க சார். ஓடு இன்னும் உக்காரல."

அவர் சைக்கிள் மூலை திரும்பியதும் பால்வண்ணம் ஏணியில் ஏறினார். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், வேலை முடிந்த இடத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியுமா? முகடு வரைக்கும் போனார். எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. திரும்பும்போது இடது குதிகாலுக்குக் கீழே 'மடக்' என்று ஒரு சத்தம்.

அப்படியே நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு காக்கையைத் தவிர யாரும் இல்லை. மெல்ல இறங்கி, ஏணியை இருந்த இடத்திலேயே வைத்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

உதுமான் திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். உதுமான் சிரித்துக்கொண்டே வந்து, எல்லாம் முடிஞ்சிது சார் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏறாதே என்று சொன்னவரிடம் ஏறினேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஊரையெல்லாம் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்ட ஆள். சொல்ல வாயைத் திறந்தார், இருமிவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உடைந்த இடம் சரியாகப் பெரிய அடுப்புக்கு மேலே இருந்தது. மறுநாள் அம்மாளிடம் போய், அந்த இரும்பு அடுப்பை இரண்டடி தெற்கே தள்ளி வைத்தால் காற்றோட்டமாக இருக்குமே என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அது இருக்கிற இடத்துலேயே இருக்கட்டும்."

அதற்கு மேல் நின்றால் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பால்வண்ணம் நழுவிவிட்டார். பிறகு தினமும் மலையைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. மேகம் கூடினால் எழுந்துபோய் அடுப்புக்கு மேலே அண்ணாந்து பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாரல் இறங்கியது. சாரல் என்று தொடங்கி அரை மணியில் மழையாகவே கொட்டியது. அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றைம்பது பேர் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். அரிசி மில் சண்முகவேலு இரண்டு மூட்டை அரிசியைக் காணிக்கையாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

மூலையில் ஒரு சொட்டு விழுந்தது. கதவோரம் இன்னொன்று. பால்வண்ணம் குடையை எடுத்துக்கொண்டு உதுமானைக் கூப்பிட ஓடினார். வாசலைத் தாண்டவில்லை, எதிரே உதுமான் வந்துகொண்டிருந்தார். தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி, கக்கத்தில் நாலு ஓடு, கையில் ஒரு மூங்கில் கம்பு.

"யார் சொல்லி வந்தீங்க?"

"மழைதான் சார். காலையில இருந்து வானத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

உள்ளே வந்து மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கம்பால் ஓர் ஓட்டின் விளிம்பை லேசாக நெம்பி மேலே தள்ளினார், சொட்டு நின்றது. கதவோரமும் அப்படியே. வெயிலுக்குத் தெரிகிற ஓட்டையை அன்றைக்கே அடைத்துவிட்டேன், மழைக்கு மட்டும் தெரிகிற ஓட்டை என்று ரெண்டு இருக்கும், அதுக்கு மழையில்தான் வரணும் என்று பக்கத்தில் நின்ற கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அடுப்புக்கு மேலே சொட்டத் தொடங்கியது. சொட்டு தாரையானது. தீயில் தண்ணீர் விழுந்து 'புஸ்'ஸென்று புகை கிளம்பியது. ஒரு பக்கத்து விறகு அணைந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் அடுப்பை எட்டிப் பார்த்தார்கள். அண்டா கொதி அடங்கிக்கொண்டு வந்தது.

சண்முகவேலு மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தன் மில் கூரைக்கு உதுமானைத்தான் பேசலாம் என்று இருந்தாராம், நல்லவேளை கண்ணால் பார்த்துவிட்டாராம்.

உதுமான் அண்ணாந்து அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"என் வேலைதான் முதலாளி. ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்றார்.

மச்சானை வரச்சொல்லக்கூட நிற்காமல் மழையில் வெளியே போய் ஏணியைச் சாத்தினார். மேலே அவர் பதனமாகக் கால் வைக்கிற சத்தம் உள்ளே கேட்டது. பால்வண்ணம் அடுப்பருகே நின்றார். அம்மாள் காய்ந்த விறகை எடுத்து மறுபக்கத்தில் செருகிக்கொண்டிருந்தார். ஓடு மாறியது, தாரை நின்றது. உதுமான் உடைந்த ஓட்டோடு நனைந்து உள்ளே வந்தார். அதை ஓரமாக, கவிழ்த்து வைத்தார்.

பால்வண்ணம் போய் அதை எடுத்தார். இரண்டு துண்டு. எடுத்தவர் சண்முகவேலுவுக்கு எதிரே வந்து நின்றார்.

"இது அவர் வேலை இல்ல. நான் மிதிச்சு உடைச்ச ஓடு. ஏறாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார், ஏறினேன். உடைஞ்சதும் தெரியும். நாலு நாளா யார்கிட்டயும் சொல்லல."

வரிசையில் பின்னால் ஒரு கடைக்காரர் நின்றிருந்தார். ஒருகாலத்தில் பால்வண்ணம் வாசலில் நிறுத்திவைத்த ஆள்தான் அவர். அவர் சிரிக்கப் போகிறார் என்று பால்வண்ணம் காத்திருந்தார். அந்த மனுஷன் வரிசையை விட்டு வந்து, தன் துண்டை உதறி உதுமானுக்குத் தலை துவட்டக் கொடுத்தார். பால்வண்ணத்தைப் பார்த்து, உக்காருங்க சார் என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா உதுமான்?" என்று பால்வண்ணம் கேட்டார்.

"கீழ நின்னு பாக்கும்போதே தெரிஞ்சிட்டு சார். என் கை அடுக்கின ஓடு நகரும். இப்படி உடையாது."

"பிறகு ஏன் உங்க வேலைன்னு சொன்னீங்க?"

"கூரை என்னோடது. எவன் மிதிச்சாலும் என்னோடதுதானே?"

சண்முகவேலு மூட்டையிலிருந்து கையை எடுத்தார். மில்லுக்கு எப்போது வந்து பார்க்கத் தோது என்று உதுமானிடம் கேட்டார். மழை விட்டதும் வருகிறேன், ஆனால் முதல் மழையில் ரெண்டு இடத்துல ஒழுகும், இப்பவே சொல்லிட்டேன் என்றார் உதுமான். வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சண்முகவேலுவும் சிரித்தார்.

அன்று கஞ்சி பத்து ஐம்பதுக்கு ஊற்றினார்கள். இருபது நிமிஷம் தாமதம், ஒருவரும் குறை சொல்லவில்லை. பால்வண்ணம் நாலு நாள் பசிக்கும் சேர்த்து மூன்று கிண்ணம் குடித்தார்.

எல்லோரும் போன பிறகு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாளிடம் வந்தார். முதல் பக்கம் இன்னும் அப்படியே கிடந்தது.

"கூரை வேலை முடிஞ்சிட்டும்மா."

"ஆமா."

"ஒழுக்கம்னா என்னன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே?"

அம்மாள் கூரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. இன்னைக்குக் காலையில கூரை மூணு இடத்துல ஒழுகுச்சு. நாலாவதா நீங்க ஒழுகினீங்க."