பாதி உறக்கம் வாங்கியவள்

அந்தக் காலத்தில், கடலில் கிடந்த உயிர்கள் எல்லாம் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, உறக்கம் இப்போதுபோல அவரவர் கண்ணுக்குள்ளிருந்து வருவதில்லை. வெளியிலிருந்து வரும். உறக்கத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து, ஆனைத்திருக்கை மீனின் முதுகில் ஏறிக்கொண்டு கிழக்கிலிருந்து வானத்து வழியாகக் கிளம்புவாள். அந்த ஆனைத்திருக்கை சிறகை விரித்தால் அடியில் ஒரு தீவே இருட்டிப்போகும். அதன் நிழல் எந்தக் கண்ணில் விழுகிறதோ அந்தக் கண் மூடும். நிழல் விலகும்போதுதான் திறக்கும். வேண்டாம் என்று ஓடினவர்களும் உண்டு; ஓட ஓட உறங்கிப்போனார்கள்.

மீன்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஓங்கில்கள் என்கிற டால்பின்களுக்குத்தான் பாடு. மீனைப்போல நீரிலேயே மூச்சு வாங்கிக்கொள்ள அவர்களுக்கு வராது. மேலே வந்து உச்சந்தலை மூக்கைத் திறந்து காற்றை இழுத்தாக வேண்டும். உறக்கத்தில் மேலே வர மறந்தால் அவ்வளவுதான். அதனால் நிழல் கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் கூட்டமாக மணல்திட்டுக்கு ஓடுவார்கள். அங்கே வயிறு மணலில் பட, மூக்கு மட்டும் வெளியே தெரிய, வரிசையாகப் படுத்து உறங்குவார்கள்.

சூல்காரி திட்டைத் தாண்டக் கூடாது என்று கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பிள்ளை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆழத்தில் வந்துவிட்டால், பிறந்த பிள்ளையைத் திட்டுவரைக்கும் நீந்தவைக்க முடியாது. அதற்கு மிதக்கவும் தெரியாது, உடம்பில் கொழுப்பும் இருக்காது; அசையாமல் இருந்தால் கல்லைப்போல இறங்கிவிடும்.

நுரைச்சி தாண்டினாள். தலைச்சன் சூல்காரி அவள். திட்டிலேயே அடைந்து கிடந்து, பாறை இடுக்கு இறாலைத் தின்று தின்று நாக்குச் செத்துப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து வெளிக்கடலில் சாளை மீன் வெள்ளிபோலப் பாய்கிறது என்று சேதி வந்தது. "ரெண்டே வாய் தின்னுட்டு வந்துருதேன்" என்று கூட்டத்தோடு கிளம்பிவிட்டாள். இன்னும் நாள் கிடக்கிறது என்று நினைத்தாள். அவள் நினைத்தாள், பிள்ளை நினைக்கவில்லை.

தரையே தெரியாத நீலத்தில் பிள்ளை பிறந்தது. வால் முதலில், தலை கடைசியில். பெண்கள் நாலு பேர் அடியில் புகுந்து முட்டித் தூக்கி அதை மேலே கொண்டுவந்தார்கள். 'புஸ்' என்று அது விட்ட முதல் மூச்சைக் கேட்டபோது நுரைச்சிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த மூச்சுக்குள் பயம் வந்துவிட்டது. விட்டதா? விட்டது. இப்போது? இப்போதும் விட்டது. அது கண்ணைச் சிமிட்டினால் பயம், சிமிட்டாவிட்டால் அதைவிடப் பயம். பெண்பிள்ளை. பேர் இன்னும் இல்லை. முதல் உறக்கத்தைத் தாண்டாத பிள்ளைக்கு அவர்கள் பேர் வைப்பதில்லை. பேர் வைத்தால் இழக்கும்போது அழ வேண்டியிருக்கும்.

கூட்டத்துக்குத் தலைவர் நீலையா கிழக்கே பார்த்துவிட்டு வந்தார். "நிழல் கிளம்பிருச்சு. இப்பவே நீந்துனாத்தான் திட்டைப் பிடிக்கலாம். எல்லாரும் வாங்க." அப்புறம் நுரைச்சியின் முகத்தைப் பார்க்காமல், காலங்காலமாகச் சொல்லும் வார்த்தையைச் சொன்னார். "ஆழத்துல பிறந்தது ஆழத்துக்கு."

"நான் வரலை மாமா."

நுரைச்சியின் புருஷனுக்கு அக்காள் சுழியாள். கூட்டத்திலேயே கூர்வாய் அவளுக்குத்தான். அவள் பக்கத்தில் வந்தாள். "ஏட்டி, நீ இங்க கிடந்தா ரெண்டு சாவு. வந்தா ஒண்ணு. கணக்குப் பாத்துக்கோ."

"எனக்குக் கணக்கு வராது மதினி. நீங்க போங்க."

"சாளை தின்ன மட்டும் வந்துச்சாக்கும். அப்பவே சொன்னேன், வாயைக் கட்டுன்னு."

இப்படித் திட்டிக்கொண்டே சுழியாள் குனிந்து, அமிழ்ந்துகொண்டிருந்த பிள்ளையை மூக்கால் ஒரு முட்டு முட்டி மேலே தூக்கிவிட்டாள். அது மூச்சு விட்டதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். கூட்டம் மேற்கே மறைந்தது. நீலக்கடலில் தாயும் பிள்ளையும் மட்டும் மிச்சம்.

நுரைச்சி பிள்ளையைத் தன் பக்கத்துடுப்பின்மேல் ஏந்திக்கொண்டாள். தூக்கு, மூச்சு, இறக்கு. தூக்கு, மூச்சு, இறக்கு. கிழக்கே நீர் கறுத்துக்கொண்டு வந்தது. எப்படி விழித்திருப்பது? யாராலும் முடியாத காரியம் அது. திமிங்கிலம் முயன்று பார்த்ததாம், முடியவில்லையாம். நான் எந்த மூலைக்கு?

கொஞ்ச தூரத்தில் ஒரு பேராமை மிதந்துகொண்டிருந்தது. நிழலின் ஓரம் முதலில் அதைத் தொட்டது. தொட்டதும் ஆமையின் கழுத்து தொங்கிப்போனது. ஆனால் அதே இடத்திலிருந்து யாரோ முணுமுணுக்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"இவனுக்கென்ன, மேல கிடக்கான், கொறட்டை விடுதான். அடியில ஒட்டிக் கிடக்கவனுக்கு ஏது உறக்கம்? என்னைக்காவது ஒருநாள் இவனைக் கவுத்துப் போட்டுட்டு நான் மேல படுக்கேனா இல்லையா பாரு."

ஆமையின் வயிற்றில் ஒட்டிக்கிடந்த ஒட்டுமீன்தான் அது. நுரைச்சி கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க உறங்கலையா?"

"எப்பிடிம்மா உறங்க? நிழல் இவன் ஓட்டுலயே விழுந்து தீந்துபோவுதே. எனக்கு எங்க மிஞ்சுது? பொறந்ததுலருந்து கொட்டக் கொட்ட முழிச்சுக் கிடக்கேன்."

ஒட்டுமீன் புலம்பலைத் தொடர்ந்தது. நுரைச்சி அதற்குமேல் கேட்கவில்லை. நிழல் மேலிருந்து விழுகிறது. மேலே இருக்கிற கண்ணில்தான் விழும். அடியில் இருக்கிற கண்ணில் விழாது. அவளுக்கோ கண் முகத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இருந்தது.

நிழல் வந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. நுரைச்சி மூக்கு மட்டும் நீருக்கு மேலே இருக்கும்படி பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாள். வலக்கண் வானத்தைப் பார்த்தது, இடக்கண் ஆழத்தைப் பார்த்தது. இடப்பக்கத் துடுப்பின்மேல் பிள்ளை.

வலக்கண் மூடியது. வலத்துடுப்பு மரத்துப்போனது. வால் பாதி இல்லாததுபோல் ஆனது. மனசில் ஒரு பாதி திட்டுக்குப் போய், வெதுவெதுப்பான மணலில் படுத்துக்கொண்டு மதினிமாரோடு பேசிச் சிரித்தது. மறுபாதி இங்கேயே நின்றது. இடக்கண் திறந்தே இருந்தது. நுரைச்சியால் நம்ப முடியவில்லை. துடுப்பை அசைத்துப் பார்த்தாள், அசைந்தது. பிள்ளை உறங்கிவிட்டிருந்தது. உறங்கட்டும். தூக்கினாள், 'புஸ்'. இறக்கினாள். நிழல் பட்ட கண்ணெல்லாம் மூடிக்கிடந்த அந்த நேரத்தில், நீர்ப்பரப்பில் ஒரே ஒரு கண் விழித்திருந்தது.

அப்போதுதான் அடியில் ஏதோ அசைந்தது.

கொம்பன் சுறா, குறுக்கே அகன்று நீண்ட தலைக்காரன். அவன் தொழிலே தனி. நிழல் எட்டாத பாதாளத்தில் பதுங்கிக் கிடப்பான். மேலே எல்லாரும் உறங்கியதும் கிளம்புவான். நிழலின் அடிவிளிம்புக்குக் கீழேயே நின்று, மூச்சில்லாமல் இறங்கி வருகிறவர்களை வாயைத் திறந்து வாங்கிக்கொள்வான். ஆழத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் போன இடம் அந்த வாய்தான். இன்றைக்கும் இரண்டு உருப்படி வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அண்ணாந்து பார்த்தான். ஒரு கண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, உறங்கலையா?"

"உறங்கிட்டுத்தாண்ணே இருக்கேன். பாதி."

"மத்த பாதி?"

"உங்களைப் பாத்துக்கிட்டு இருக்கு."

கொம்பன் சிரித்தான். அவனுடைய பல் வரிசை முழுவதும் தெரிந்தது. "பாதியை வச்சுக்கிட்டு என்ன செய்வே? நீ களைச்சுப்போற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். எனக்கு அவசரமில்லை."

அவன் சொன்னது சரிதான். அதுதான் நுரைச்சியை உலுக்கியது. துடுப்பு இப்போதே கனத்தது. அவன் காத்திருந்தால் அவள் தோற்றுவிடுவாள். காத்திருக்க விடக் கூடாது. அவனை மேலே வரவைக்க வேண்டும். மதினியிடமிருந்து அந்தக் கூர்வாயை இரவல் வாங்கினாள்.

"இருங்கண்ணே, இருங்க. மேல வர உங்களுக்குப் பயம், எனக்குத் தெரியாதா? அந்தத் தலையை எங்க பிடிச்சிய? படகு கட்டுற ஓடாவிக்குச் சுத்தியல் காணாமப் போச்சுன்னு ஊரெல்லாம் தேடுதாங்க. ரெண்டு முனையிலயும் கண்ணை வச்சுக்கிட்டு, மூக்குக்கு நேரா இருக்கது தெரியாதாமே உங்களுக்கு? அதான் செத்ததை மட்டும் தின்னுதியளாம். நண்டுக்குஞ்சு எல்லாம் சொல்லிச் சிரிக்குது."

கொம்பனின் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லலை?"

அவன் பாய்ந்தான். ஆழத்திலிருந்து அம்புபோல, நேர்மேலாக. நுரைச்சி அசையவில்லை. புரண்டால் போச்சு; இடக்கண்ணிலும் நிழல் விழுந்துவிடும். வரட்டும். வரட்டும். அவன் பல்லின் இடுக்கில் சிக்கியிருந்த பாசி தெரிகிறவரை வரட்டும். அப்புறம் உயிர் இருந்த பாதி வாலை ஒரே வீச்சாக வீசினாள். பாதி உடம்பு மட்டும் நீந்தினால் நேரே போக வராது, வட்டமாகத்தான் சுற்றும். சாய்ந்த சாய்வு மாறாமல், பிள்ளையோடு அவள் வட்டமடித்து விலகினாள்.

அவள் இருந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு கொம்பன் மேலே போனான். நேராக நிழலுக்குள். சாய்த்து ஒரு கண்ணை மறைக்கலாம் என்றால் அவன் தலை அதற்குத் தோதாகவா இருந்தது? அகல விரிந்து கிடந்த அந்தத் தலையின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் நிழல் விழுந்தது. திறந்த வாய் திறந்தபடி இருக்க, பாய்ந்த பாய்ச்சலிலேயே உறங்கிப்போனான். கொஞ்ச நேரம் அப்படியே தொங்கினான். பிறகு தலைகீழாகத் திரும்பி, நங்கூரம்போல மெல்ல மெல்ல இறங்கி, நீலத்தில் கரைந்துபோனான். நுரைச்சியைத் தவிர ஒட்டுமீன் மட்டும்தான் அதைப் பார்த்தது. "இவனாவது உறங்குனானே" என்று பெருமூச்சுவிட்டது.

அத்தனை அமளியையும் மேலேயிருந்து கேட்டுவிட்டு, உறக்கத்தாள் ஆனைத்திருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"யாரடி அது? என் நிழலுக்குள்ளே ஒரு கண் திறந்திருக்கிறது?"

"நான்தாம்மா. நுரைச்சி."

"உலகம் தோன்றியதிலிருந்து என்னை வேண்டாம் என்று சொன்னவர்கள் கிடையாது."

"நான் வேண்டாம்னு எங்கம்மா சொன்னேன்? பாதியை வாங்கிக்கிட்டேனே. கையில பிள்ளை இருக்கு. ரெண்டு கையையும் நீட்டி வாங்க முடியலை."

உறக்கத்தாளுக்குக் கோபம் வந்தது. "பாதி வாங்கினவளுக்கு இனி எப்போதும் பாதிதான். உனக்கும் உன் குலத்துக்கும் முழு உறக்கம் கிடையாது. இந்தப் பக்கம் உறங்கினால் அந்தப் பக்கம் விழித்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் உறங்கினால் இந்தப் பக்கம். செய்த காரியத்துக்கு அழப் போகிறாய்."

நுரைச்சி பிள்ளையைத் தூக்கினாள். 'புஸ்'.

"குடுங்கம்மா. சந்தோசமா வாங்கிக்கிடுதேன். முழு உறக்கம் போனாப் போவுது. முழுப் பிள்ளை இருக்குல்ல."

உறக்கத்தாள் விளிம்பிலிருந்து தலையை இழுத்துக்கொண்டாள். ஆனைத்திருக்கையைத் தட்டி மேற்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நிழல் விலகி வெயில் விழுந்தது. நுரைச்சியின் வலக்கண் திறந்தது. இடக்கண் மூடிக்கொண்டது. பிள்ளை இப்போது வலப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

திட்டிலிருந்து கூட்டம் திரும்பி வந்தது. நீலையா முன்னால், மற்றவர்கள் பின்னால், ஒரு சத்தமில்லாமல். ஆழத்துக்குப் போனவர்களை நினைத்து அந்த இடத்தைச் சுற்றி வருவது அவர்கள் வழக்கம். சுற்றத் தொடங்கும்போது வட்டத்துக்கு நடுவில் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய மூச்சு இல்லை. சின்ன மூச்சு.

நீலையா அப்படியே நின்றுவிட்டார். சுழியாள்தான் முதலில் பாய்ந்து வந்தாள். பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் நுரைச்சியைப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன இது, ஒரு கண்ணை மூடிக்கிட்டு கிடக்கே?"

"உறங்குதேன் மதினி."

"உறங்கிட்டேவா பேசுதே?"

"நீங்க முழிச்சுக்கிட்டுப் பேசுததைவிட இது நல்லாத்தான் இருக்கு."

சுழியாளை ஒருத்தி வாயால் மடக்கியதைக் கூட்டம் அன்றுதான் பார்த்தது. கொம்பன் இறங்கிப்போன கதையை நுரைச்சி சொல்லச் சொல்ல, இளவட்டங்கள் நீரைக் கிழித்துக்கொண்டு ஆகாயத்துக்குத் துள்ளினார்கள். நீலையாவும் துள்ளினார், அந்த வயதில் அது வேண்டாத வேலை, விழுந்த சத்தத்தில் பேராமை திடுக்கிட்டு முங்கியது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் சுழியாள் மெதுவாக நுரைச்சியின் பக்கத்தில் வந்தாள். அவளும் ஒரு காலத்தில் ஆழத்தில் ஒன்றைப் பெற்றவள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

"எந்தப் பக்கம் சாயணும்?" என்றாள்.

"எந்தப் பக்கம்னாலும் சரி மதினி. பிள்ளை இருக்கற பக்கம் கண்ணைத் திறந்து வச்சுக்கிடணும். அவ்வளவுதான்."

சுழியாள் சாய்ந்து பார்த்தாள். நீலையா சாய்ந்தார். ஒருவர் பின் ஒருவராகக் கூட்டமே சாய்ந்தது.

"முதல் உறக்கம் தாண்டியாச்சே, பிள்ளைக்குப் பேர் வைக்கணும்" என்றார் நீலையா.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் சுழியாள். "இவ எதுக்கு ஆசைப்பட்டுத் திட்டைத் தாண்டுனாளோ அதைத்தான் வைக்கணும். சாளைச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். பேர் நிலைத்துவிட்டது. திட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை. சாளைச்சியும் அவள் பெற்றவர்களும் சாளை போகும் கடலெல்லாம் போனார்கள்.

அன்று முதல்தான் ஓங்கில்கள் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து, வட்டமடித்துக்கொண்டே உறங்குகின்றன. திறந்திருக்கும் கண்ணின் பக்கத்தில் எப்போதும் ஒரு பிள்ளை நீந்திக்கொண்டிருக்கிறது.