கல்தாமரையும் அன்னக்கொடியும்

வெகுகாலத்துக்கு முன்பு, ராஜாக்களைச் சாமி என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கருமலை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்குக் கோட்டைமேல் கோட்டை கட்டும் ஆசை. கல் உடைத்தவர்களுக்கோ தலைக்குமேல் ஒரு கீற்று நிழல் கிடையாது.

ஒருநாள் சங்கிலி என்ற கல்லுடைப்பவன் அரண்மனைக்குப் போனான். "எங்களுக்கு ஒரு பந்தல் போட்டுக் கொடுங்க" என்றான். அவ்வளவுதான் கேட்டான். ராஜா மந்திரவாதியைப் பார்த்தார். மந்திரவாதி கோலை ஆட்டினான். சங்கிலி நின்ற இடத்தில் ஒரு சின்னச் செடி! தடித்த இலைகள் இதழ் இதழாக அடுக்கியிருந்தன, கல்லில் செதுக்கிய தாமரை மாதிரி.

தேடி வந்த அவன் மனைவி அன்னக்கொடியிடம் மந்திரவாதி செடியை நீட்டினான். "இது பூத்தால் உன் புருஷன் எழுந்து வருவான். அழுகினால் அவன் கதை முடிந்தது."

அவள் போனதும் ராஜா சீறினார். "ஏனய்யா கொடுத்தாய்?"

"நாம் எதற்குக் கொல்ல வேண்டும், மகாராஜா? அவனை உயிராக நேசிக்கிறவள். அவளே ஊற்றி ஊற்றிக் கொன்றுவிடுவாள்."

அப்படித்தான் நடந்தது. வெயிலில் உழைத்த மனுஷனாயிற்றே என்று காலையில் ஊற்றினாள். சோற்றில் கை வைத்தால் அவன் நினைப்பு; ஊற்றினாள். படுத்தால் அவன் நினைப்பு, எழுந்து ஊற்றினாள். "குடிய்யா, வயிறாரக் குடி." அடியிலைகள் கண்ணாடியாக மினுங்கி, மஞ்சளாகி, தொட்டதும் கழன்றன.

வேலியில் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. "ஏ மகராசி, அவனை முக்கிக் கொல்றியே!"

"ச்சீ, போ! தண்ணி ஊத்தாம எந்தச் செடி பிழைச்சிருக்கு?"

வெயில்தான் வாட்டுகிறது என்று செடியை வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்தாள். அது வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டி, வெளுத்து, அடுக்குக் குலைந்தது.

"ஏ மகராசி, வெளியே எடு!"

"உன்னை யார் கேட்டா?" என்று இன்னும் ஊற்றினாள். நடுக்குருத்து கறுத்துக் கூழானது.

அன்னக்கொடி தரையில் விழுந்து அழுதாள். ஓணான் இந்த முறை கேலி பேசவில்லை. மெதுவாக உள்ளே வந்தது.

"அழாதே. ஒரு இலை நல்லாத்தான் இருக்கு, பாரு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"உடைச்ச கல்லுப்பொடி மேல வை. காலை வெயில் படட்டும். அப்புறம் ஒண்ணும் செய்யாதே."

"ஒண்ணுமேவா?"

"அதுதான் உனக்கு வராதே!"

அடியில் ஓட்டையுள்ள சட்டியில் கல்பொடி நிரப்பி, இலையை மேலே வைத்தாள். கை தண்ணீர்ச் செம்பைத் தேடித் துடித்தது. அந்தக் கையில் சங்கிலியின் சுத்தியலை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். "பந்தல் வரட்டும், அப்புறம் கல் உடைப்போம்" என்றாள். கல்லுடைப்பவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு சுத்தியலாகக் கீழே இறங்கியது.

சட்டி நன்றாகக் காய்ந்தால் மட்டும் கல்பொடியை நனைப்பாள். இலையின் அடிமுனையில் ரோமம் போல வேர் வந்தது. அதனருகே கடுகளவு தாமரை ஒன்று முளைத்தது. பழைய இலை இருந்ததையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுச் சருகாகச் சுருங்கியது. பார்த்து அழுதாள், கண்ணீர் செடிமேல் விழாமல் முந்தானையில் பிடித்துக்கொண்டாள்.

மந்திரவாதி பொற்குடத்தோடு வந்தான். "பாவம், காய்கிறதே. கொஞ்சம் ஊற்றேன்."

"தாகம் எடுத்தா அவரே சொல்லுவாரு, நீங்க போங்க சாமி."

அவன் குடத்தைச் சாய்க்கக் கை தூக்கினான். அதற்குள் அடுக்கின் இடுக்கிலிருந்து ஒரு காம்பு விறுவிறுவென்று எழுந்தது. அதில் செம்மஞ்சள் மணிகளாகப் பூக்கள் வாய் திறந்தன. மந்திரவாதியின் இடுப்பிலிருந்த கோல் முறிந்தது. சட்டிக்குப் பக்கத்தில் சங்கிலி நின்றான்.

அன்னக்கொடி பதறி ஓடித் தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"போதும் புள்ள! நீ ஊத்துனதே ஏழு வருசத்துக்குக் காணும்!"

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் நெஞ்சில் சாய்ந்தாள்.

ராஜா பந்தல் போட்டுக் கொடுத்தார். மனம் இளகி அல்ல. வேலை நின்று பாதியில் கிடந்த கோட்டைச் சுவருக்குள் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பந்தற்கால் ஓரத்தில், வெயில் விழும் இடம் பார்த்து, அன்னக்கொடி அந்தச் சட்டியை வைத்தாள். தண்ணீர் ஊற்ற யார் ஓடி வந்தாலும் கையைப் பிடித்துக்கொள்வாள்.