அகராதிக்காரர் சொன்ன ‘இல்லை’

“ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைம்மா. மனுஷனைத் தூங்கவிடமாட்டேங்குது.”

தியாகேசன் அகராதி எழுதுகிறவர். கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்து மடத்தில் இருந்த செண்பகத்தம்மா அவரைவிட வெகுவாக இளையவள். ஆனாலும் அவர்தான் அவளுக்குச் சீடர்.

“என்ன வார்த்தை?”

“ஆனஸ்ட். நேர்மையானன்னு போட்டா விறைப்பா இருக்கு. நாணயமானன்னா கடைக்காரர் ஞாபகம் வருது. கபடமில்லாதன்னா குழந்தைக்குத்தான் பொருந்தும். உண்மையானன்னு போட்டா தங்கத்துக்கும் சொல்லலாம். எதை முதல்ல போட?”

அம்மா வாய் திறக்கும் முன் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“எங்கப்பா அருவாளோட வர்றாரு. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேணாம்னுட்டேன்.”

அம்மா எழுந்தாள். அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

வாசலில் தியாகேசன் மட்டும் நின்றார்.

சற்றைக்கெல்லாம் சடையாண்டி வந்து நின்றான். கையில் அருவாள்.

“எம்பொண்ணு பவுனு இங்க வந்தாளா?”



“இல்லை.”

சடையாண்டி அவர் முகத்தையே பார்த்தான். பிறகு பாதையை மறித்து உட்கார்ந்தான்.

“இந்தப் பக்கம் வந்தவ இந்த வழியாத்தான் திரும்பணும். காத்திருக்கேன்.”

வெயில் ஏறியது. அவன் அசையவில்லை. தியாகேசனின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியது.

கதவு திறந்தது. அம்மா வந்து நிலைப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“உள்ளதான் இருக்கா. அனுப்பமாட்டேன்.”



சடையாண்டி துள்ளி எழுந்தான். “தள்ளு!”

அம்மா நகரவில்லை. அருவாள் அவள் தலைக்கு மேலே உயர்ந்தது. அங்கேயே நின்றது.

“கால்ல ரத்தம் வருதே. செருப்புக்கூடப் போடாம ஓடிவந்தியா?” என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். அப்போதுதான் வலித்ததுபோல முகம் சுருங்கியது.

“பவுனு, தண்ணி கொண்டா.”

 சற்று நேரம் கழித்தே அவள் செம்போடு வந்தாள்.  அம்மாவின் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

சடையாண்டி மகளைப் பார்த்தான். அருவாள் மெல்லத் தாழ்ந்தது. செம்பை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தான்.

“நாளைக்கு உங்கம்மாவை அனுப்புறேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். தனியாகவே இறங்கிப் போனான்.

அவன் தலை மறைந்த பிறகுதான் தியாகேசனுக்குப் பேச்சு வந்தது. கோபமாக வந்தது.

“காட்டிக்கொடுத்துட்டீங்களேம்மா! வெட்டியிருந்தா?”

“வெட்டியிருக்கலாம். நீங்க ஏன் இல்லைன்னீங்க?”

“அந்தப் பொண்ணைக் காப்பாத்தத்தான்.”

 அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பார்வை தாழ்ந்தது. 

“அந்த நேரத்துல பொண்ணு நினைப்பே எனக்கு வரலைம்மா. என்னை வெட்டிடுவான்னு பயந்தேன்.”

அம்மா நகர்ந்து, நிலைப்படியில் அவருக்கு இடம் விட்டாள்.

“உட்காருங்க. இப்ப அந்த வார்த்தையைப் பத்திப் பேசலாம்.”