ஐந்தாவது தாய்மாமன்

மொட்டைப்பாறையில் அண்ணன் தம்பி நான்கு பேர் இருந்தார்கள். நால்வருக்கும் சேர்த்து அறிவு நூறு சதவீதம் இருந்தது என்பதை ஊரே ஒத்துக்கொள்ளும். பங்கு பிரித்தபோதுதான் எங்கோ சிந்திவிட்டது.

மூத்தவர் ஒச்சப்பன். அடுத்தவர் தவசி, எட்டாம் வகுப்புக் கணக்கில் தேறியவர். அதற்குப் பிறகு மாயழகு, செல்லாண்டி. இவர்களுக்கு ஒரே தங்கை பேச்சி. அவள் மகளுக்கு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் கொண்டுவரும் பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு, தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள்.

பேச்சி போனில் சொன்னாள்: "அண்ணே, பஜார் ஜவுளிக்கடையில வெள்ளிக்கிழமை காலையில இருந்து இருபத்தஞ்சு சதவீதம் தள்ளுபடி. ரெண்டாயிரம் ரூபாப் பாவாடை ஆயிரத்தி ஐந்நூறுக்குக் கிடைக்கும். சீருக்குக் காசு போட்டவங்க ஒருத்தர் விடாம வந்து நிக்கணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் என் மாமியா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும்."

ஆயிரத்து ஐந்நூறை நாலாகப் பிரித்தார்கள். ஆளுக்கு முந்நூற்று எழுபத்தைந்து. ஒச்சப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

"நான் மூத்தவன்டா. நீங்க ஆளுக்கு இருபத்தஞ்சு சதவீதம் போட்டா, நான் அம்பது போடணும். அதான் மரியாதை."

"அப்படிப் போட்டா நூத்தி இருபத்தஞ்சு ஆயிடும்ணே," என்றார் தவசி. "பாவாடை கால்வாசி நீளம் கூடி வந்துரும். பிள்ளை தடுக்கி விழும்."

பிள்ளைக்காக ஒச்சப்பன் தன் மரியாதையை விட்டுக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் போய் நின்றார்கள். முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சி ஊதா நிறத்தில் ஒரு பாவாடையை எடுத்துப் போட்டார்.

"ரெண்டாயிரம். நான் ஐந்நூறு விட்டுத்தாரேன். நீங்க ஆயிரத்தி ஐந்நூறு குடுங்க."

பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி பையை நீட்டினார். தவசி வாங்கவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டே நின்றார்.

"அண்ணே, பாவாடை ரெண்டாயிரம். நாம நாலு பேரும் போட்டது ஆயிரத்தி ஐந்நூறு. மிச்சம் ஐந்நூறு யாரு போட்டது?"

நால்வரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

"காசு போட்டவங்க ஒருத்தர் விடாம வரணும்னு தங்கச்சி சொல்லியிருக்கு," என்றார் மாயழகு. "அண்ணாச்சி, சட்டையை மாத்திக்கிறீங்களா, இப்படியே வாரீங்களா?"

"எங்கப்பா?"

"காதுகுத்துக்கு. நீங்களும் தாய்மாமன்தானே."

"தம்பி, அது தள்ளுபடி. எல்லாருக்கும் குடுக்கிறதுதான்."

"எல்லாருக்கும் மாமனா இருக்கிறது உங்க பெருந்தன்மை. நாங்க எங்க பிள்ளைக்கு மட்டும்தான் கூப்பிடுறோம்."

அண்ணாச்சி யோசித்தார். "சரி, தள்ளுபடியை எடுத்துட்டேன். முழு ரெண்டாயிரத்தையும் குடுத்துட்டுக் கிளம்புங்க."

நால்வரும் பைகளைத் துழாவினார்கள். பஸ்ஸுக்கு எண்பது ரூபாய் இருந்தது.

"அவர் விலகிட்டா கால்வாசிப் பாவாடைக்கு மாமன் இல்லாமப் போயிடும்," என்றார் செல்லாண்டி. "எந்தக் கால்வாசின்னும் தெரியலை. முன்பக்கமா இருந்தா என்ன பண்றது?"

மணி ஒன்பதே முக்காலாகிவிட்டது. பேச்சி இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். மாமியார் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். நால்வரும் கல்லாவை மறித்தபடி அசையாமல் நின்றார்கள். பின்னால் தள்ளுபடிக்கு வந்த கூட்டம் தெருவரை நீண்டது.

"அட அண்ணாச்சி, உங்களுக்கும் வயசாச்சு. ஒரு எட்டுப் போயிட்டுத்தான் வாங்களேன்," என்று கூட்டத்தில் ஓர் அம்மாள் சொன்னாள்.

அண்ணாச்சி கல்லாச் சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். பாவாடையைக் கட்டியதும் யார் மடி என்ற கேள்வி வந்தது. ஒச்சப்பன் சப்பணம் போட்டு உட்காரப் போனார்.

"இருங்கண்ணே," என்றார் தவசி. "நாம போட்டது ஆளுக்கு முந்நூத்தி எழுபத்தஞ்சு. அண்ணாச்சி ஐந்நூறு. அவர்தான் பெரிய மாமன்."

ஒச்சப்பன் நகர்ந்து இடம் விட்டார். கணக்கு என்று வந்துவிட்டால் அவர் வாய் திறக்க மாட்டார். குழந்தை அண்ணாச்சியின் மடியில் உட்கார்ந்தது. காது குத்தியதும் வீரிட்டு அழுது அவர் சட்டையை நனைத்தது. அண்ணாச்சியின் கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

பேச்சியின் மாமியார் தலைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"நாலு மாமன்னு சொன்ன, அஞ்சு பேர் நிக்கிறாங்க."

"இருபத்தஞ்சு சதவீதம் கூடுதல், அத்தே," என்றார் தவசி.

அதற்கு மேல் மாமியாருக்குச் சொல்லிக்காட்ட ஒன்றுமில்லை. பேச்சி அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று யாருக்கும் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து, மாமன்மார்களுக்கு மறுசீராக வேட்டி கொடுத்தார்கள். நாலு வேட்டிதான் எடுத்து வைத்திருந்தார்கள். ஐந்தாவது மாமனை வெறுங்கையோடு அனுப்பலாமா? பேச்சியின் கணவர் முந்நூறு ரூபாயை நீட்டினார். அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு நால்வரும் அவர் கடைக்கே போனார்கள்.

"நானூறு ரூபா வேட்டி. தள்ளுபடி போக முந்நூறு," என்றார் அண்ணாச்சி பழக்கத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தவசி விரல் மடக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, இந்த வேட்டியில நூறு ரூபா அண்ணாச்சி போட்டது. அவருக்கு அவரே சீர் செஞ்சிருக்கார். அப்ப அவருக்கு அவரே தாய்மாமன்."

ஒச்சப்பன் அண்ணாச்சியை மெதுவாக வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இரண்டு காதுகளையும் பார்த்தார்.

"ரெண்டு ஓட்டையும் தூர்ந்து கிடக்குடா. மாயழகு, பேச்சிக்குப் போன் போட்டு ஆசாரியை நிறுத்தச் சொல்லு. அண்ணாச்சி, நீங்க உங்க மடியில உட்காருங்க."