பாறைமேல் போட்ட திட்டம்

"இங்கே நின்னு கத்தாதே! ஏற முடிஞ்சா ஏறு, இல்லேன்னா கிளம்பு!"

பாறை அடியில் நின்று விரட்டியது சிலும்பன் என்ற முள்ளம்பன்றி. எதிரே ஆமைக்கு மூச்சு வாங்கியது.

"மேலே என்ன பேசறாங்கன்னு காதுல விழுதாப்பா? குளத்துக் கரையை இங்கேயே வெட்டப் போறாங்களாம்! இந்த மணல்லதான் என் முட்டையெல்லாம் இருக்கு!"

சிலும்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாக் கூட்டத்துக்கும் அதுதான் காவல். ஆனால் மேலே என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அதற்கும்தான் பாறை ஏற வராது.

மேலே கடமான், குரங்கு, மயில். வருகிற கோடையைப் பற்றித்தான் பேச்சு. கரையை வெட்டிக் குளத்துத் தண்ணீரைப் புல்வெளிக்குத் திருப்பிவிட்டால் கோடை முழுக்கப் பசுமைதான். நல்ல திட்டம். மேலே இருப்பவர்களுக்கு.

"தலைவரே, ஆமை ஏதோ சொல்லணுமாம்!" என்று குரல் கொடுத்தது சிலும்பன்.

"தாராளமா ஏறி வரட்டும்! கூட்டம் எல்லாருக்கும் பொதுதானே!" என்றது கடமான்.

ஆமை ஏறியது. சறுக்கியது. மறுபடி ஏறி, மல்லாக்க விழுந்தது. சிலும்பன்தான் மூக்கால் முட்டி அதைப் புரட்டிவிட்டது.

மயில் சிரித்தது. "நாங்க என்ன காலையா கட்டிப் போட்டோம்?"

"அப்போ நீங்க இறங்கி வாங்களேன்!" என்றது ஆமை.

"கூட்டம்னா பாறைமேலதான்! எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான்!" என்றது குரங்கு.

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. கீழே காத்திருந்த காட்டுப்பன்றிக்குக் கடமான் தலையாட்டியது. பன்றி மணலில் மூக்கை வைத்தது. ஆமை ஓடி வந்து (ஆமை ஓட்டம்தான்) முட்டைகள் இருந்த இடத்தின்மேல் படுத்துக்கொண்டது.

"சிலும்பா! அதை விரட்டு! முள்ளை விரி!" என்று மேலேயிருந்து கத்தியது கடமான்.

சரசரவென்று முள் விரிந்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆனால் அந்த முள் விரிந்தது பன்றியைப் பார்த்து.

"டேய்! நீ எங்க ஆளுடா!" என்று கத்தியது குரங்கு.

"உங்க ஆளா? ஒரு நாளாவது என்கிட்ட எதையாவது கேட்டிருக்கீங்களா? என் வளையும் இந்தக் கரையிலதான் இருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

சிலும்பன் முள்ளை இன்னும் விரித்தது.

"இறங்கி வந்து ஆமைகிட்ட பேசுங்க! அதுக்கு முன்னாடி பன்றி இங்கே மூக்கை வைக்கட்டும், பார்க்கலாம்!"

பன்றி பின்வாங்கியது. அதற்கு அதன் மூக்கு முக்கியம்.

கடமான் வேண்டாவெறுப்பாக ஒரு குளம்பைக் கீழே வைத்தது. "சரி, வர்றேன். நீ முதல்ல அந்த ஆமையை விரட்டு!"

சிலும்பன் விரட்டவில்லை.

ஏற முடியாதவர்களைக் கீழேயே நிறுத்திவிட்டு மேலே உட்கார்ந்து போடும் திட்டம், ஒருபோதும் எல்லாருக்குமான திட்டம் ஆகாது.